நாக்கு போனவர்

என் அக்கா புருஷனை ஊரில் நாக்கு போனவர் என்று சொல்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் சொல்கிறார், எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார், மருந்துக் கடைப் பெண்கூடச் சொல்கிறாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அக்கா இருந்தவரை நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அக்கா போய்விட்டாள். இனிமேலும் நான் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? மாமா திட்டினால் திட்டிக்கொள்ளட்டும்.

மாமாவுக்கு ராணுவ உணவுக் கிடங்கில் வேலை. துப்பாக்கி தூக்குகிற வேலை இல்லை, சாப்பிடுகிற வேலை. கல்யாணப் பேச்சு வந்தபோது, "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று அப்பா கேட்டதற்குத் தரகர், "உக்காந்து சாப்பிடறார், அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவே இல்லை.

விஷயம் இதுதான். களத்தில் இருக்கிற சிப்பாய்க்கு அடுப்புப் பற்றவைக்க நேரம் இருக்காது. அதற்காக டின்னிலும் அலுமினியப் பையிலும் அடைத்த சாப்பாடு கிடங்கில் மலைபோல் அடுக்கியிருக்கும். கறி, பட்டாணி, பிஸ்கட், ஜாம், பால்பவுடர், சாக்லேட். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தேதி குத்தியிருக்கும். அந்தத் தேதி தாண்டிய மறுநாளே உள்ளே இருப்பது விஷமாகிவிடாது. நன்றாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. அதனால் கொஞ்சத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். முதலில் ஆய்வகத்துக்குப் போகும். புடைத்த டின், மடிப்பில் துருவேறிய டின், கசிந்த பை எல்லாம் அங்கேயே கழிந்துவிடும். அதை யாரும் நாக்கில் வைக்க மாட்டார்கள். கிருமி இல்லை என்று எழுதி வந்த பிறகுதான் மாமா மாதிரி ஆட்களிடம் வரும். தின்றால் உயிரோடு இருப்பானா என்று ஆய்வகம் சொல்லும், தின்பானா என்று மாமா சொல்வார். அந்தச் சரக்கை இன்னும் வைத்திருக்கலாமா, சீக்கிரம் தின்று தீர்க்க வேண்டுமா, புதைக்க வேண்டுமா என்பது அதற்கப்புறம்தான் முடிவாகும்.

அவர் முதலில் அங்கே மூட்டை தூக்கத்தான் போனார். ருசி பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு நாள் கிடங்கில் இருந்த எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, மூன்று டம்ளர் தண்ணீர் கொடுத்து, இதில் எது வேறு என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். மாமா ஒரு டம்ளரைக் காட்டி, "இதுல துளி உப்பு விழுந்திருக்கு" என்றார். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், அவரும் சளைக்காமல் சரியாகக் காட்டிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து கிடங்கில் அவருக்குத் தராசு என்று பெயர்.

குடும்பத்தாரை உள்ளே விடுகிற ஒரு நாளில் அந்த ருசி பார்க்கிற அறையை நானும் பார்த்தேன். ஓட்டுப் போடுகிற இடம் மாதிரி ஆளுக்கொரு பலகைத் தடுப்பு. எதிர்ச் சுவரில் ஒரு சின்னக் கதவு, அது வழியாகத் தட்டு வரும். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று சிவப்பு பல்பு. பேசக் கூடாது. ஒருவர் முகம் சுளித்தால் அடுத்தவர் மார்க் மாறிவிடும் என்பதற்காகத்தான் தடுப்பே. ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்பதுக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்தவருக்குப் பூனை என்று பட்டப்பெயர், மெல்லுகிற சத்தமே வராதாம். மாமாவும் பூனையும் பாதி ஆயுளை அந்தப் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டே கழித்தார்கள். ஒருவர் சாப்பிடுவதை ஒருவர் பார்த்ததே இல்லை.

"ஜெயில்லகூட மூஞ்சிய மூஞ்சிய பார்த்துத் திம்பாங்க மாமா" என்றேன்.

"பழகிடுச்சும்மா" என்றார்.

பழகித்தான் விட்டது, அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தத் தடுப்பை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தட்டில் சோறு விழுந்ததும் பேச்சு நின்றுவிடும். முகத்தில் ஒன்றும் தெரியாது. கல்யாணமான புதிதில் அக்கா மீன் வறுத்துவைத்து, "எப்படி இருக்கு?" என்று ஆசை ஆசையாகக் கேட்டிருக்கிறாள். மனுஷர் யோசித்து, "ஆறு" என்றிருக்கிறார். கிடங்கில் பழைய சரக்குக்கு ஆறு கிடைத்தால் கொண்டாட்டமாம்! அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். நான் அவரைக் கூப்பிட்டு, "மாமா, பொண்டாட்டிகிட்ட மார்க் போட்டா கரண்டிதான் பறக்கும்" என்று சொன்ன பிறகு, "நல்லாருக்கு" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அதையும் ஆறு என்கிற குரலிலேயே சொல்வார்.

அக்கா அவருக்காக வாசனை சோப்பை விட்டாள். தலைக்கு வாசனை எண்ணெயை விட்டாள். சோதனை நாட்களில் வெங்காயம் நறுக்கவே மாட்டாள், வீட்டில் வாசம் நின்றுவிட்டால் அவர் மூக்குக் குழம்பிவிடுமாம். பிள்ளை குட்டி இல்லை. நான் ரயிலேறி வர வேண்டிய தூரத்தில் தையல் கடையோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான் பேச்சு. "அவர் கெட்டவர் இல்லடி. சத்தம் வராத ரேடியோ, அவ்வளவுதான்" என்று அக்கா சொல்வாள். சொல்லிவிட்டுப் போனை வைக்க மனசில்லாமல் வேறு எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள்.

அவர் வாயைத் திறந்து பேசுகிற ஒரே விஷயம் பழைய சரக்கு. "யாரோ எங்கயோ திங்கறதுக்கு நீங்க ஏன் மாமா இப்படி உயிரை விடறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். அதற்கு அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நமக்குப் பிடிக்கலைன்னா தட்டைத் தள்ளிவெச்சுட்டுக் கடைக்குப் போவோம். பள்ளத்துக்குள்ள மழையில உக்காந்திருக்கறவன் எங்க போவான்? அவனுக்கு அந்தப் பை ஒண்ணுதான். அதைப் பிரிச்சுட்டு அவன் திங்க முடியாம மூடிவெச்சா, அது நான் பண்ண தப்பு."

இப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கும்போது நாக்கின்மேல் சந்தேகம் வந்தது. சோதனை இல்லாத பருவம் அது. கிடங்கில் மாதக்கணக்காக எதையும் ருசி பார்க்கவில்லை. வீட்டுச் சாப்பாடுதான். அது ஒரு நாள் சப்பென்று இருந்தது, ஒரு நாள் கைத்தது. டீயில் என்னவோ அடிவாசனை. வேறு யாராக இருந்தாலும், "என்னடி சமைச்சிருக்க?" என்று கேட்டிருப்பான், அதோடு முடிந்திருக்கும். இவருக்கு அவர்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு. ஒரு தட்டு தப்பாகத் தெரிந்தால் தட்டைச் சந்தேகப்படு. எல்லாத் தட்டும் தப்பாகத் தெரிந்தால் உன் நாக்கைச் சந்தேகப்படு.

அவர் அப்படியே செய்தார். அக்கா, "ஏன் மிச்சம் வெக்கறீங்க?" என்று கேட்டபோது, "என் நாக்கு சரியில்ல" என்றார். சோதனைப் பிரிவின் அதிகாரியம்மாவிடமும் போய் மறைக்காமல் சொல்லிவிட்டார், வீட்டுச் சாப்பாடெல்லாம் மாறித் தெரிகிறது என்று. வெயில் கொட்டகையில் கிடந்த ஒரு பெரிய சரக்கு அப்போதுதான் சோதனைக்கு வர இருந்தது. அந்தம்மாவுக்கு இவரை விட மனசில்லை. "திங்கக்கிழமை ஆரம்பிக்கறோம். அதுக்குள்ள நல்லாப் பார்த்துட்டு, உக்காரலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு சொல்லுங்க. உங்க வார்த்தைய நான் நம்பறேன்" என்றாராம்.

நாக்கு போனால் வேலை போகும். அந்த வேலை போனால் இவருக்கு வேறு என்ன இருக்கிறது? சீட்டாடத் தெரியாது, கோயில் குளம் கிடையாது, டீக்கடையில் நின்று பேச ஒரு ஆள் கிடையாது. எனக்கு அவரே போன் செய்தார். என் கல்யாணத்துக்குக்கூட அக்காவை விட்டுத்தான் பேசச் சொன்ன மனுஷர்.

"ஒரு நாள் வந்துட்டுப் போறியாம்மா? அக்காகிட்ட சும்மா வந்ததாச் சொல்லு."

கடையைப் பூட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலைப் பிடித்தேன். நான் போனபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள், "இளைச்சுட்டியேடி" என்றாள். நான் இளைத்தால்தானே, வாசலில் நுழைய முடியாத அளவுக்குப் பெருத்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, அடியில் கருகிக்கொண்டிருந்தது. தெருவரை நாற்றம். "அக்கா, பால்!" என்று நான்தான் ஓடிப்போய் அணைத்தேன். "பேச்சு சுவாரஸ்யத்துல மறந்துட்டேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாமா என்னைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனார். சோதனை முடிந்து மிஞ்சுகிற பெட்டிகளைக் கிடங்கு ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். இவர் அப்படிக் கொண்டுவந்ததை அந்த அறையில் வயசு வாரியாக அடுக்கிவைத்திருந்தார். அந்த அறைக்குள் வந்துவிட்டால் அவருக்கு நாக்கு நீண்டுவிடும்.

"இந்தப் பிஸ்கட்டுக்கு என் வயசு இருக்குமா மாமா?"

"வயசு பெருசில்லம்மா. எங்க படுத்துக் கிடந்ததுன்னுதான் பார்க்கணும். குளிர்ந்த இடத்துல கிடந்தது பத்து வருஷம் கழிச்சும் பல்லுக்கு நல்லாருக்கும். வெயில் கொட்டகையில கிடந்தது ரெண்டே வருஷத்துல கிழவன். கொழுப்பு முதல்ல நாறும். பிஸ்கட் பழைய எண்ணெய் வாசம் அடிக்கும். பால்பவுடர் அட்டைய நக்கின மாதிரி இருக்கும்."

"இந்தச் சாக்லேட் பூசணம் பிடிச்சுக் கிடக்கே?"

"அது பூசணம் இல்ல, கொழுப்பு மேல வந்து வெளுத்திருக்கு. தாராளமாத் திங்கலாம். புளிப்புப் பழ டின்தான் சீக்கிரம் போகும், புளிப்பு டின்னையே அரிச்சுடும். கறி டின் மடிப்பு விடாம இருந்தா நம்மளவிட ரொம்ப நாள் இருக்கும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, வந்த காரியத்தைச் சொன்னார். எல்லாவற்றின் வயசும் கிடந்த இடமும் பெட்டியில் குத்தியிருக்கிறது. அவர் கண்ணைக் கட்டிக்கொள்வார். நான் கலைத்துப்போட்டு ஒவ்வொன்றாக வாயில் வைக்க வேண்டும். அவர் சொல்வது பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கிடங்கில் இதைச் செய்துபார்த்தால் அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அக்காவிடம் கேட்டால் பயந்துவிடுவாள்.

"தோத்துட்டா?" என்று கேட்டேன்.

"தோத்துட்டா நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடுவேன்." துண்டை அவரால் முடிச்சுப்போட முடியவில்லை, நான்தான் கட்டிவிட்டேன்.

முதல் பிஸ்கட். மெதுவாக மென்றார். "பழசு. கொழுப்பு திரும்பிடுச்சு. வெயில் கொட்டகை." பெட்டியைப் பார்த்தேன், சரி. அடுத்தது. "இது அதைவிடப் பழசு. ஆனா குளிர்ல கிடந்தது." சரி. பால்பவுடர், ஜாம், டின்னில் இருந்த கறி, ஒன்றிலும் பிசகவில்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. விளையாட்டாக என் கைப்பையில் இருந்த கடைப் பிஸ்கட்டை எடுத்து ஊட்டினேன்.

"இது கிடங்கு சரக்கே இல்ல. உன் பையில கிடந்தது. தையல் மெஷின் எண்ணெய் வாசம் அடிக்குது" என்றார்.

அடுப்படிக்குப் போய் மூன்று டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து ஒன்றில் மட்டும் ஒரு கல் உப்பைக் கரைத்துக் கொடுத்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். "அட, போங்க மாமா! ஒண்ணுமில்லாததுக்கு ரயில் செலவு வெச்சீங்களே. நாக்கா இது, தங்கம்!" என்று அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். மச்சினி என்றால் அந்த உரிமைகூட இல்லையா?

அவர் துண்டை அவிழ்த்தார். அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இன்னொரு தடவை" என்றார்.

"எதுக்கு மாமா?"

"இன்னொரு தடவை குடும்மா."

மறுபடியும் கட்டினேன், கலைத்தேன், ஊட்டினேன். எல்லாம் சரியாகவே சொன்னார். முதலில் பயந்தவர் மாதிரி இல்லை இப்போது. எப்படியாவது தோற்றுவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் மாதிரி ஒவ்வொரு வாயையும் நீளமாக மென்றார். கடைசியில், "தப்பாத் தெரியாதான்னு பார்க்கறேன், தெரிய மாட்டேங்குதே" என்றார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இந்த மனுஷருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்று அக்கா கூப்பிட்டாள்.

எழுந்தவர் என் கையைப் பிடித்தார். "அங்க எது எப்படி இருந்தாலும் ஒண்ணும் சொல்லாதம்மா" என்றார்.

கறியும் சோறும் பரிமாறினாள். பசியில் பெரிதாக ஒரு வாய் எடுத்து வைத்தேன். உப்பு நாக்கை அறுத்தது. அதற்கு மேல் சர்க்கரை. அதற்கும் அடியில் தீய்ந்துபோன என்னவோ. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா அதையேதான் தானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நிதானமாக, விரலை வழித்து. என் அக்கா. தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் உப்புப் பார்க்க இவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"எப்படிடி இருக்கு? இவரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. பாவம், இவருக்கு நாக்கு சரியில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கருகிய பால் உறைத்தது, என்னைப் பார்த்து இளைச்சுட்டியே என்றது உறைத்தது, அவர் முகம் உறைத்தது. நான் யாரிடமும் எதையும் மறைக்கத் தெரியாதவள். அன்றைக்கு மறைத்தேன்.

"நல்லாருக்குக்கா" என்றேன்.

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினார்.

அக்கா பாத்திரம் தேய்க்கப் போனதும் அவரைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரிடம் இந்த வாரமே காட்ட வேண்டும் என்றேன். சரி என்றார். "நாளைக்குப் போய் ஜம்முனு உங்க இடத்துல உக்காருங்க. அக்காவை நான் பார்த்துக்கறேன், வேணும்னா என்கூடக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"உக்கார மாட்டேம்மா. நாக்கு போயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துடப் போறேன்."

"பைத்தியமா உங்களுக்கு? இப்பதானே பார்த்தோம்!"

"நாக்கு நல்லா இருக்குன்னு சொன்னா, அப்ப கோளாறு யாருக்குன்னு கேப்பாங்க. வீட்டுச் சாப்பாடு மாறித் தெரியுதுன்னு நானே என் வாயால சொல்லிட்டேன். வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு."

உள்ளே அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"அவகிட்டயும் என் நாக்குன்னுதான் சொல்லியிருக்கேன். அப்படியே இருக்கட்டும். எனக்காகத்தான் எல்லா வாசனையையும் விட்டா. அவ மூக்கு போனது எனக்கு இவ்வளவு நாள் தெரியல. என் நாக்கையே பார்த்துக்கிட்டு இருந்தேன்." அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தமில்லாமல் அழுதார், எல்லாவற்றையும் போல.

அக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே சண்டை போட்டேன். அவள் ஒன்றும் குழந்தை இல்லை என்றேன். "தெரியற அன்னைக்குத் தெரியட்டும். அதுவரைக்கும் அடுப்படி அவளோடது" என்றார். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் சொன்னது நாங்கள் பயந்தது மாதிரியே இருந்தது. மறதி நோய் ஆரம்பிக்கும்போது சிலருக்கு மூக்குதான் முதலில் போகுமாம், மூக்கு போனால் ருசியும் போய்விடும், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்றார். பின்னால் வரத்தான் செய்தது.

திங்கட்கிழமை அவர் போய்ச் சொல்லிவிட்டார். அதிகாரியம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார், விடுப்பில் இருங்கள், வைத்தியம் பாருங்கள் என்று. இவர் பிடித்த பிடியை விடவில்லை. ஊருக்கும் சேதி போய்விட்டது. கேலி, கிண்டல், இலவச வைத்தியம் எல்லாம் வீடு தேடி வந்தன. யோசித்துப் பாருங்கள், நிஜமாகவே நாக்கு போனவனுக்கு அந்தச் சாப்பாடு ஒன்றுமே இல்லை. இவருக்கோ உப்பு எத்தனை கல் கூட என்பதுவரை தெரியும். மூன்று வேளையும் தெரிந்துகொண்டே தின்றார், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல். அப்படி ஒரு தனிமையை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

கிடங்கில் அவருக்கு ஒரு வழியனுப்பு விருந்து வைத்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார், அக்காவோடு இருக்க ஒரு ஆள் வேண்டுமே. கேன்டீனில் நீள மேஜை போட்டிருந்தார்கள். மாமாவோடு உட்கார்ந்து ருசி பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மேஜையில், எதிரும் புதிருமாக. அவர்கள் கூச்சப்பட்ட கூச்சத்தைப் பார்க்க வேண்டுமே! பெண் பார்க்க வந்த இடம் தோற்றது. பூனை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மென்றார். அதிகாரியம்மா நாலு வார்த்தை பேசினார். அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், நல்ல மனசோடுதான், "இனிமே அண்ணி எதைப் போட்டாலும் அண்ணனுக்கு ஒண்ணுதான், குடுத்துவெச்சவங்க அண்ணி" என்று ஜோக் அடித்தார். நாலு பேர் சிரித்தார்கள்.

அக்கா எழுந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அவரைக் கேலி பண்ணாதீங்க" என்றாள். "நாக்கு போச்சேன்னு அவர் உள்ளுக்குள்ள எவ்வளவு வேதனைப்படறார்னு எனக்குத்தான் தெரியும். அதுக்காக ஏனோதானோன்னு நான் போட்டுட மாட்டேன். முன்னவிடப் பார்த்துப் பார்த்துச் செய்யறேன். வெளிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்காதுன்னு இன்னைக்குக்கூடக் கையோட கொண்டுவந்திருக்கேன்."

துணிப்பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். பையில் அது இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பஸ்ஸிலேயே மறந்துவைத்துவிட்டு வந்திருப்பேன். மூடியைத் திறந்தாள்.

நாட்டிலேயே தேர்ந்த மூக்குகள் எல்லாம் அந்த மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தன. தீய்ந்த வாசனையும், சர்க்கரை கருகின வாசனையும், அதோடு என்னவோ கெட்டுப்போன புளிப்பும் வந்தன. எனக்கே வந்தது என்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதிகாரியம்மா அக்காவைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். கையில் இருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்குமே புரிந்துவிட்டது.

அக்கா மாமாவின் தட்டில் போட்டாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்து விழுங்கினார். அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. வேலையை விட்டு எதை மறைத்தாரோ அது மேஜைமேல் திறந்து கிடந்தது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது பூனை தன் தட்டை நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் போடுங்கம்மா. தராசு வீட்டுச் சாப்பாடு ஒரு நாளாவது சாப்பிடணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. போட்டாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, மாமாவுக்கு நேராக உட்கார்ந்து அவர் சாப்பிட்டார். அடுத்தவரும் தட்டை நீட்டினார். ஜோக் அடித்தவர் குனிந்த தலையோடு நீட்டினார். அதிகாரியம்மாவும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். டப்பா காலியாகிவிட்டது. நான் வேலை இருப்பது மாதிரி கைகழுவப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நான் அழுததை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அக்கா மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் பின் சீட்டில். காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"பார்த்தீங்களா? எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. உலகத்துச் சாப்பாட்டையெல்லாம் ருசி பார்த்தவங்க."

"ஆமா" என்றார் மாமா.

அவள் டப்பாவைத் துணிப்பைக்குள் வைத்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் பாவம், தெரியாமப் போச்சு" என்றாள்.

மாமா அதற்கும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.